முனையைக் காப்பதும் அளப்பதும்: மதுவம் சொல்லித்தரும் பாடம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இதை ஒருவர் எழுந்து நின்று வாசித்தாலும், இது எங்களில் சிலர் கூடி எழுதிய உரை. இந்தப் பாடசாலையில் உயர்தரத்தில் உயிரியல் படித்து, இன்று வகுப்பறையிலும் ஆய்வுகூடத்திலும் மருத்துவமனையிலும் வேலை செய்கின்ற பழைய மாணவிகள் நாங்கள். நூற்றாண்டு நிகழ்வில் விஞ்ஞானம் பற்றியும் ஓர் உரை இருக்க வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. எதைப் பேசுவது என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. உங்களில் பலர் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கே பதில் சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தோம்.

முதலாவது கேள்வி வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளிடமிருந்து வருவது. "ரெலோமியரை நீளமாக்கி முதுமையைத் தள்ளிப்போடும் குளிசை என்று விற்கிறார்கள், அம்மாவுக்கு வாங்கி அனுப்பலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வி இங்கே ஊரில் இருப்பவர்கள் மெதுவாக, கொஞ்சம் தயங்கிக் கேட்பது. "மனக்கவலை கலங்களின் ஆயுளைக் குறைக்கும் என்கிறார்களே, இடம்பெயர்விலும் முகாமிலும் நாங்கள் பட்ட பாட்டில் எங்கள் உடம்பு முன்கூட்டியே தேய்ந்துவிட்டதா?"

இரண்டும் பெரிய கேள்விகள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொன்னால் அது அறிவாகாது. இந்த ரெலோமியர் என்பது என்ன, அதை யார் காக்கிறார்கள், அதன் நீளத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது விளங்கினால் பதிலை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அதை மனிதருக்கு முதலில் தெளிவாகக் காட்டிய உயிர்களில் ஒன்று நம் எல்லோருக்கும் பழக்கமான மதுவம்.

மதுவத்தை நாம் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பனங்கள்ளு நுரைப்பது அதனால்தான். அப்ப மாவிற்குள் கொஞ்சம் கள்ளு விட்டு இரவு மூடி வைத்தால் காலையில் பொங்கி நிற்பதும் அதனால்தான். வெதுப்பகத்தில் பாண் உப்புவதற்குப் போடும் ஈஸ்ற்றும் அதுவே. ஒரு கலம் மட்டுமே கொண்ட சிறிய பூஞ்சணம். நல்ல உணவும் இதமான சூடும் கிடைத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் அரும்பி இரண்டாகிவிடும்.

இவ்வளவு சிறிய உயிரில் மனிதரைப் பற்றி என்ன படிக்க முடியும் என்று கேட்கலாம். மதுவத்தின் கலத்திற்குள் பற்றீரியாவில் இல்லாத ஒன்று இருக்கிறது. நம்முடைய கலத்தில் இருப்பது போலவே அதிலும் கரு உண்டு. கருவிற்குள் நீட்டு நூல்களாக நிறமூர்த்தங்கள் உண்டு. நமக்கு 46, மதுவத்தின் ஒற்றைத் தொகுதியில் 16. நீட்டு நூல் என்றால் அதற்கு இரண்டு முனைகள் இருக்கும். ஆகவே நமக்கு 92 முனைகள், மதுவத்திற்கு 32. இன்றைய உரை முழுவதும் இந்த முனைகளைப் பற்றியதுதான்.

முனையில் என்ன சிக்கல்? இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, கலத்திற்கு முனையும் முறிவும் ஒன்றுபோலத் தெரியும். எக்ஸ் கதிராலோ நச்சுப் பொருளாலோ டி.என்.ஏ. நடுவில் முறிந்தால் அது கலத்திற்கு ஆபத்து. எனவே முறிவைக் கண்டவுடன் பிரிவதை நிறுத்தி, முறிந்த இரண்டு துண்டுகளையும் பிடித்து ஒட்டுவதற்குக் கலத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது மிக நல்ல ஒழுங்கு. ஆனால் நிறமூர்த்தத்தின் இயல்பான முனையையும் அது முறிவு என்று எண்ணிவிட்டால்? ஒரு நிறமூர்த்தத்தின் முனையை இன்னொன்றின் முனையோடு ஒட்டிவிடும். அடுத்த முறை கலம் பிரியும்போது, ஒட்டிய நிறமூர்த்தம் இரண்டு பக்கமும் இழுபட்டு வேறோர் இடத்தில் அறுந்துவிடும். அறுந்தது மறுபடி ஒட்டும், மறுபடி அறும்.

1930களில் சோளத்தில் இந்த ஒட்டி அறும் சுற்றைக் கண்டவர் பார்பரா மக்லின்ரொக் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. அதே காலத்தில் பழ ஈக்களில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்த ஹேர்மன் முல்லர், இயல்பான முனையில் ஒட்டாமல் காக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்றார். 1938இல் அதற்கு ரெலோமியர் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் முனைப் பகுதி என்பது அதன் பொருள். அது எதனால் ஆனது என்பது அன்று இருவருக்கும் தெரியாது.

இரண்டாவது சிக்கல் நகலெடுப்பதில் இருக்கிறது. கலம் பிரியுமுன் டி.என்.ஏ.யை முழுவதும் நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும் நொதியத்திற்கு ஆரம்பிக்க ஒரு சிறு பிடி வேண்டும். அந்தப் பிடி கடைசியில் அகற்றப்படும். நடுவில் அகற்றப்பட்ட இடத்தை நிரப்பலாம். முனையில் நிரப்ப வழியில்லை. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் நுனி கொஞ்சம் குறையும். பாய் பின்னுபவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கடைசி ஓலையைப் பின்னாமல் விட்டால் பாய் எப்படிச் சிறுத்துக்கொண்டே போகுமோ, அப்படி.

காத்தல் ஒரு சிக்கல், குறைதல் மற்றொரு சிக்கல். இந்த இரண்டையும் கலம் எப்படித் தீர்க்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முன்னால் நின்றவர்கள் பெண்கள் என்பதைப் பெண்கள் பாடசாலை ஒன்றின் நூற்றாண்டு மேடையில் சொல்வது பொருத்தமானது.

அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் பிறந்த எலிசபெத் பிளாக்பேர்ண் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கோல் என்பவரோடு வேலை செய்தபோது, குளத்து நீரில் வாழும் ரெட்ராஹைமினா என்ற ஒருகல உயிரின் முனைகளை ஆராய்ந்தார். அங்கே ஆறே ஆறு எழுத்துக்களைக் கொண்ட ஒரே சொல் பல தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். இது 1978இல் வெளிவந்தது.

இந்த இடத்தில்தான் மதுவம் கதைக்குள் வருகின்றது. பொஸ்ரன் நகரில் ஜாக் சொஸ்ராக் மதுவத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். மதுவத்திற்குள் வளையமான டி.என்.ஏ.யைச் செலுத்தினால் அது நிலைத்திருக்கும். நீட்டான துண்டைச் செலுத்தினால் அதன் முனைகள் முறிவாகக் கருதப்பட்டு அது நிலைக்காது. 1980இல் ஒரு மாநாட்டில் பிளாக்பேர்ணின் பேச்சைக் கேட்டபின் இருவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். நீட்டான துண்டின் இரண்டு பக்கமும் ரெட்ராஹைமினாவின் முனைகளை ஒட்டி மதுவத்திற்குள் விட்டார்கள். அது நீட்டாகவே நிலைத்து நின்றது! குளத்து உயிரின் முனை, கள்ளு புளிக்க வைக்கும் மதுவத்திலும் வேலை செய்தது. 1982இல் இது வெளியானது. உறவில் இவ்வளவு தூரமான இரண்டு உயிர்களிலும் ஒன்று பொதுவாக இருக்குமானால் அது மிகப் பழைய, மிக அடிப்படையான ஒழுங்காகவே இருக்க வேண்டும்.

பின்னர் இன்னொன்றும் தெரிந்தது. செலுத்திய முனையின் மேல் மதுவம் தன்னுடைய எழுத்துக்களையும் சேர்த்து எழுதியிருந்தது. அச்சு இல்லாமல் நகலெடுக்கும் நொதியத்தால் இதைச் செய்ய முடியாது. அப்படியென்றால் முனையை நீட்டுவதற்கென்றே தனியாக ஒரு நொதியம் இருக்க வேண்டும். அதைத் தேடும் வேலையைப் பிளாக்பேர்ணின் மாணவி கரோல் கிரைடர் எடுத்துக்கொண்டார். எழுத்துக்களை வாசிப்பதில் சிறுவயதிலிருந்தே சிரமப்பட்ட மாணவி அவர். 1984ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஆய்வுகூடத்திற்குப் போய் எடுத்த படத்தில் அந்த நொதியத்தின் அடையாளத்தைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 23. அதற்கு ரெலோமரேசு என்று பெயர் வைத்தார்கள். அது தனக்குள்ளேயே ஒரு சிறு ஆர்.என்.ஏ. அச்சை வைத்திருக்கிறது. அந்த அச்சைப் பார்த்து முனையில் எழுத்துக்களைச் சேர்க்கின்றது.

சொஸ்ராக்கின் ஆய்வுகூடத்தில் விக்கி லண்ட்பிளாட் என்ற பெண் விஞ்ஞானி, முனையை நீட்ட முடியாத மதுவ விகாரங்களைத் தேடினார். 1989இல் ஒன்று கிடைத்தது. முனைகள் எப்போதும் குறைந்துகொண்டே போவதால் அந்தப் பரம்பரையலகிற்கு எஸ்ற்-1 என்று பெயர். 'எப்போதும் குறுகும் ரெலோமியர்' என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை. அந்த மதுவம் முதலில் நன்றாகவே வளர்ந்தது. பத்து, இருபது தலைமுறைகளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் முனை தேயத் தேயப் பிரிவு மெதுவானது, ஐம்பது தலைமுறைகளைத் தாண்டிப் போகும்போது பெரும்பாலான கலங்கள் பிரிவதை நிறுத்தி இறந்தன. முனை தேய்ந்தால் கலத்திற்கு முதுமை வரும் என்பதை உலகம் இந்த மதுவத்தில்தான் கண்ணால் கண்டது.

இனி எமது உரையின் மையத்திற்கு வருகின்றோம். ரெலோமரேசு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. முனையின் மேல் அமர்ந்திருக்கும் புரதங்கள்தான் காவலும் செய்கின்றன, கணக்கும் பார்க்கின்றன.

மதுவத்தின் முனை ஏறத்தாழ 300 எழுத்து நீளமானது. பெரும்பகுதி இரட்டை இழை. கடைசி நுனியில் மட்டும் ஓர் இழை சற்று நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒற்றை இழை நுனியைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தின் பெயர் சி.டி.சி-13. அதோடு ஸ்ரென்-1, ரென்-1 என்ற இரண்டு புரதங்கள் கூட இருக்கின்றன. இந்த மூன்றும் நுனியின் தொப்பி போன்றவை.

சி.டி.சி-13 கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு எங்களுக்கு மிகவும் பிடித்தது. லீலண்ட் ஹார்ட்வெல் என்பவர் கலம் எப்படிப் பிரிகிறது என்று ஆராய்ந்தபோது, வெப்பநிலையைக் கூட்டினால் பிரிவு நின்றுவிடும் மதுவ விகாரங்களைச் சேகரித்தார். அவற்றில் ஒன்று இது. வெப்பநிலை கூடியதும் இந்தப் புரதம் நுனியை விட்டுவிடுகிறது. உடனே நொதியங்கள் முனையின் ஓர் இழையை அரிக்கத் தொடங்குகின்றன. அரிப்பு ஆயிரக்கணக்கான எழுத்துக்கள் உள்ளே போகிறது. முறிவு ஏற்பட்டுவிட்டது என்று கலம் பிரிவை நிறுத்திக்கொள்கிறது. அதாவது இது ஒரு காவல் புரதம்.

மறுபக்கத்தில் லண்ட்பிளாட் தன் ஆய்வுகூடத்தில், முனை குறுகும் விகாரங்களை மேலும் தேடினார். எஸ்ற்-2, எஸ்ற்-3, எஸ்ற்-4 என்று கிடைத்தன. 1996இல் எஸ்ற்-4ஐ ஆராய்ந்து பார்த்தால், அதுவும் இதே சி.டி.சி-13தான்! இந்த விகாரத்தில் நுனிக் காவல் கெடவில்லை. ரெலோமரேசை நுனிக்கு அழைத்துவரும் வேலை மட்டும் கெட்டிருந்தது. எஸ்ற்-1 என்ற புரதத்தின் கையைப் பிடித்து ரெலோமரேசை உள்ளே அழைப்பதும் இந்தக் காவல் புரதமே. கதவை அடைப்பவரும் கதவைத் திறப்பவரும் ஒருவரே என்று இரண்டு வழிகளால் வந்த ஆய்வாளர்கள் ஒரே இடத்தில் சந்தித்தார்கள்.

சரி, கதவை எப்போது திறப்பது? ரெலோமரேசு நினைத்தபடி நீட்டிக்கொண்டே போனால் முனை எல்லையில்லாமல் வளரும். ஆனால் மதுவத்தின் முனை தலைமுறை தலைமுறையாக 300 எழுத்துக்களைச் சுற்றியே நிற்கிறது. யார் அளக்கிறார்கள்?

இதை விளக்க நாம் இரணைமடுவுக்குப் போவோம். குளத்து அணைக்கட்டு நீரைக் காக்கிறது. ஆனால் அணை மட்டும் இருந்தால் போதாது. நீர்மட்டத்தைப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். மட்டம் கூடினால் வான்கதவைத் திறக்க வேண்டும், குறைந்தால் மூட வேண்டும். மதுவத்தின் முனையிலும் அப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. அதன் பெயர் ராப்-1.

ராப்-1 இரட்டை இழையில் அமரும் புரதம். முனையின் சுமார் இருபது எழுத்துக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆகவே 300 எழுத்து முனையில் பதினைந்து அளவில் ராப்-1 இருக்கும். முனை நீண்டால் எண்ணிக்கை கூடும், குறுகினால் குறையும். ராப்-1இன் வாலைப் பிடித்துக்கொண்டு ரிஃப்-1, ரிஃப்-2 என்ற இரண்டு புரதங்கள் நிற்கின்றன. ரெலோமரேசைத் தடுப்பது இவைதான். நீண்ட முனையில் தடுப்போர் பலர், ரெலோமரேசு வர முடியாது. குறுகிய முனையில் தடுப்போர் சிலர், ரெலோமரேசு உள்ளே வரும்.

இது வெறும் ஊகமல்ல. 1997இல் டேவிட் ஷோரின் ஆய்வுக் குழுவினர், ஒரு முனைக்குப் பக்கத்தில் ராப்-1இன் வால் பகுதிகளை மேலதிகமாகக் கட்டிவைத்தார்கள். கலம் அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டது. எத்தனை மேலதிகமாக வைத்தார்களோ அதற்கேற்ப அந்த முனையின் உண்மையான நீளம் குறைந்தது! மறுபுறம் ரிஃப்-1, ரிஃப்-2 இரண்டையும் நீக்கினால் முனைகள் பல மடங்கு நீளமாகிவிடும். கலம் எழுத்துக்களை எண்ணுவதில்லை. அதன் மேல் இருக்கும் புரதங்களைத்தான் எண்ணுகிறது.

குறுகிய முனையை அடையாளம் காண்பதில் ரெல்-1 என்ற புரதமும் உதவுகிறது. அது முறிவைக் கண்டால் எச்சரிக்கை மணி அடிக்கும் புரதம். ரிஃப்-2 குறைந்த இடத்தில், அதாவது குறுகிய முனையில், ரெல்-1 வந்து அமர்ந்து ரெலோமரேசுக்கு வழிகாட்டுகிறது. அதனால் ஒவ்வொரு பிரிவிலும் எல்லா முனைகளும் நீட்டப்படுவதில்லை. தேவையுள்ள முனைக்கே முன்னுரிமை.

ரெல்-1ஓடு சேர்ந்து வேலை செய்யும் புரதங்களில் ஒன்று ராட்-50. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் கே. எம். கிரோன்மயி, கே. முனியப்பா ஆகியோர் இதன் விகாரங்களை மதுவத்தில் ஆராய்ந்து, அவற்றால் முனைகள் பாதிக்கப்பட்டுக் கலங்கள் முதுமையடைகின்றன என்று 1997இல் எழுதினார்கள். இந்த அறிவு நமக்கு எட்டாத தேசங்களில் மட்டும் வளர்ந்தது அல்ல என்பதற்காக இதைச் சொல்கின்றோம்.

இன்னும் இரண்டு காவலரைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று கு என்ற இரட்டைப் புரதம். முறிந்த டி.என்.ஏ.யை ஒட்டுவதுதான் அதன் தொழில். அப்படியானால் அது முனைக்கு எதிரியாக இருக்க வேண்டும். ஆனால் மதுவத்தின் முனையிலேயே அது அமர்ந்து அரிப்பைத் தடுக்கிறது, ரெலோமரேசின் ஆர்.என்.ஏ.யையும் பிடித்துக்கொள்கிறது. ஒட்டும் கையே இங்கே காக்கும் கை.

மற்றது சேர்-2, சேர்-3, சேர்-4 என்ற குழு. இவை முனைக்கு அருகில் இருக்கும் பரம்பரையலகுகளை அமைதியாக்குகின்றன. 1990இல் டான் கொட்ஷ்லிங் குழுவினர் மதுவத்தின் நிறத்தோடு தொடர்புள்ள ஒரு பரம்பரையலகை முனைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அது வேலை செய்தால் மதுவம் வெள்ளை, அமைதியானால் சிவப்பு. பெத்திரிக் கிண்ணத்தில் வளர்ந்த ஒரே வட்டத்தில் சிவப்பும் வெள்ளையும் கலந்து நின்றன. எழுத்து மாறவில்லை, இடம்தான் மாறியது. எங்கே இருக்கிறோம் என்பதும் என்ன செய்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் என்பதை இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி மதுவத்திலிருந்து மனிதருக்கு வருவோம். நம்முடைய முனையில் எழுத்துக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. காவல் புரதங்களின் பட்டியலும் சற்று மாறுகின்றது. ஆனாலும் ஒழுங்கு அதேதான். இரட்டை இழையில் எண்ணிக்கை காட்டும் புரதங்கள், ஒற்றை நுனியில் தொப்பி போடும் புரதம். நமது நுனிப் புரதத்தின் பெயர் பொற்-1. நமக்கும் ஒரு ராப்-1 உண்டு. மதுவத்தின் ரெல்-1க்கு ஒத்த நமது புரதம் ஏ.ரி.எம். அது கெட்டால் பிள்ளைகளுக்கு நடையில் தள்ளாட்டமும் புற்றுநோய் ஆபத்தும் வருகின்றன.

ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. மதுவத்தில் ரெலோமரேசு எப்போதும் இருக்கும். நம்முடைய உடற்கலங்கள் பெரும்பாலானவற்றில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நமது முனைகள் வயதோடு மெதுவாகக் குறைகின்றன. இது குறையா? ஒரு விதத்தில் காவல். கட்டுப்பாடின்றிப் பிரியத் தொடங்கும் கலம் ஒன்று, முனை தேய்ந்ததும் நின்றுவிடும். புற்றுநோய்களில் பத்தில் எட்டு, ஒன்பதில் ரெலோமரேசு மறுபடி விழித்திருப்பதைக் காண்கிறார்கள். புற்றுநோய் தன் வழியிலிருந்த வேலியை உடைத்துவிட்டது என்பதே இதன் பொருள்.

முனை மிகக் குறுகினாலும் நோய், மிக நீண்டாலும் நோய். ரெலோமரேசு பிறவியிலேயே பலவீனமான குடும்பங்களில் என்பு மச்சை குருதிக் கலங்களை ஆக்க முடியாமல் போகின்றது, நுரையீரல் தடிக்கின்றது. மறுபுறம், பொற்-1 பரம்பரையலகில் விகாரம் உள்ள சில குடும்பங்களில் முனைகள் வழமையைவிட நீளம். அவர்கள் முதுமையின்றி வாழவில்லை. 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் அத்தகையவர்களிடம் பலவகைக் கட்டிகளும் குருதிக் கலங்களின் கட்டுமீறிய பெருக்கமும் அதிகமாகக் காணப்பட்டன. வான்கதவு மூடியபடியே குளம் நிரம்பினால் அணை உடையும் என்பது வன்னியில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது முதலாவது கேள்விக்கு வருவோம். அம்மாவுக்குக் குளிசை அனுப்பலாமா? நீளம்தான் நன்மை, குறுகல்தான் தீமை என்று எண்ணிக்கொண்டால் குளிசை நல்லதாகத் தோன்றும். ஆனால் கலம் பார்ப்பது நீளத்தை அல்ல, அளவை. அந்த அளவைப் பல புரதங்கள் கூடி நின்று ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்கின்றன. அவற்றையெல்லாம் கேட்காமல் வெளியிலிருந்து நீட்டுகிறேன் என்று சொல்வது, வான்கதவின் அளவுகோலைப் பார்க்காமல் குளத்திற்கு நீர் திருப்புகிறேன் என்பதைப் போன்றது. விளம்பரம் சொல்வதுபோல அது நீட்டாவிட்டால் காசு வீண். உண்மையில் நீட்டினால் அதைவிடக் கவலை. ஆகவே எங்கள் பதில்: அனுப்ப வேண்டாம். அந்தக் காசில் அம்மாவின் குருதி அழுத்தத்தையும் சீனியையும் ஒழுங்காகப் பார்ப்பதற்கு வழி செய்யுங்கள். கண்ணில் வெண்புரை இருந்தால் அதை எடுக்க உதவுங்கள். வாரத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தொலைபேசியில் பேசுங்கள்.

இரண்டாவது கேள்வி எங்களுக்கும் உரியது. ஆகையால் அதைக் கவனமாகச் சொல்கின்றோம்.

ரெலோமியருக்கான நோபல் பரிசு 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி அறிவிக்கப்பட்டது. பிளாக்பேர்ண், கிரைடர், சொஸ்ராக் மூவருக்கும் அது கிடைத்தது. மருத்துவ நோபலை ஒரே ஆண்டில் இரண்டு பெண்கள் பெற்றது அதுவே முதற்தடவை. தொலைபேசி வந்தபோது கிரைடர் வீட்டில் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாராம். அதே வாரத்தில் இரசாயனவியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன். ஆனால் அந்த ஒக்டோபரில் நம்மில் பலர் எங்கே இருந்தோம்? செட்டிக்குளத்தில், மெனிக்பாம் கூடாரங்களில். தண்ணீருக்கு வரிசையில் நின்றோம், காணாமற்போனவர்களின் பெயர்களை விசாரித்துக்கொண்டிருந்தோம். இந்தச் செய்தி எங்களிடம் அன்று வந்து சேரவில்லை. பின்னாளில் வந்து சேர்ந்தபோது, அதன் கூடவே இந்தக் கேள்வியும் வந்தது.

அந்தக் கேள்விக்கு ஓர் ஆதாரம் உண்டு. 2004இல் எலிசா எப்பெல், பிளாக்பேர்ண் ஆகியோரின் குழு 58 தாய்மாரை ஆராய்ந்தது. அவர்களில் பலர் நீண்டகால நோயுள்ள பிள்ளையைப் பராமரிப்பவர்கள். தமக்கு மன அழுத்தம் மிக அதிகம் என்று உணர்ந்த தாய்மாரின் குருதிக் கலங்களில் முனைகள் சராசரியாகக் குறுகியிருந்தன. இது உண்மையான ஆய்வு, மதிக்க வேண்டியது.

ஆனால் அதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் அறிய வேண்டும். அது கூட்டத்தின் சராசரி. ஒரே வயதுள்ள, நல்ல சுகத்தோடு இருக்கும் இரண்டு பெண்களின் முனை நீளங்களே ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். பெற்றோரிடமிருந்து வரும் நீளமும் வேறு. ஒருவரின் முனையை அளந்து உங்களுக்கு இத்தனை வருடம் என்று சொல்ல முடியாது. கவலையும் குறுகலும் சேர்ந்து காணப்பட்டால், ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்றும் அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

மதுவமும் ஒன்று சொல்கிறது. முனை என்பது எரிந்து எரிந்து தீரும் மெழுகுதிரி அல்ல. அது தேய்கிறது, அளக்கப்படுகிறது, நீட்டப்படுகிறது. மிகவும் குறுகிய முனைக்கே முதலில் உதவி போகிறது. ரெலோமரேசே இல்லாத மதுவத்திலும் எல்லாக் கலங்களும் அழிந்துவிடவில்லை. 1993இல் லண்ட்பிளாடும் பிளாக்பேர்ணும் காட்டியதுபோல, சில கலங்கள் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு எழுத்துக்களை வாங்கி எழுதித் தப்பித்துக்கொண்டன. மனிதரின் துயரத்திற்கு மதுவத்தை உவமை சொல்லி முடித்துவிட நாங்கள் விரும்பவில்லை. நாங்கள் சொல்வது இவ்வளவே: எங்கள் மேல் நடந்தவற்றுக்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு எங்கள் கலத்தின் நுனியில் மாற்ற முடியாத தீர்ப்பாக எழுதப்பட்டுவிட்டது என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. எங்கள் தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நித்திரை வராதவருக்கு, நெஞ்சு படபடப்பவருக்கு இன்று செய்யக்கூடிய உதவிகள் இருக்கின்றன. முனையை அளப்பதை விட அவற்றைச் செய்வதுதான் அவசரம்.

அன்புச் சகோதரிகளே, மக்லின்ரொக்கிடம் சோளமும் நுணுக்குக்காட்டியும் இருந்தன. லண்ட்பிளாட்டிடம் பாண் உப்ப வைக்கும் மதுவம் இருந்தது. நமது பாடசாலையில் பிள்ளைகளிடம் கேள்விகள் இருக்கின்றன. கள்ளுத் துளியில் மதுவம் அரும்புவதை ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்க்க ஒரு நல்ல நுணுக்குக்காட்டி போதும். இப்போது ஒன்றைச் சுற்றி ஒரு வகுப்பே நிற்கிறது. குளிசைக்காக ஒதுக்கி வைத்த காசு உங்களில் யாரிடமாவது இருந்தால், அது எங்கே போக வேண்டும் என்று நாங்கள் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும். அறிவியல் நகரில் பல்கலைக்கழகப் பீடங்கள் எழுந்து நிற்கும் மாவட்டம் இது. அந்த வாசலுக்கு எங்கள் பிள்ளைகள் கேள்வியோடு போக வேண்டும்.